இரண்டாம் பாகம் என்றால் எதற்கு இரண்டாவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தனித்தனிக் கதைகள் சிலவற்றைக் கோத்த ஓர் ஆந்தாலஜி படத்தின் இரண்டாம் பாகம் திரைக்கு வந்திருக்கிறது. முதல் பாகத்தை நான் பார்க்கவில்லை. விமர்சனங்களைப் படித்துக் குழம்பியதுதான் மிச்சம். இரண்டு பேர் ஐந்துக்கு 2.5 கொடுத்திருக்கிறார்கள், ஆனால் படித்தால் இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. கதையே தொடராத படத்துக்கு எப்படி இரண்டாம் பாகம் வரும்? முதலாவதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டுமா? மகளுக்கு 14 வயது, அவளையும் கூட்டிப்போகலாமா? டிக்கெட் எடுப்பதற்கு முன்பே படம் தேறுமா என்று கண்டுகொள்ள வழி உண்டா?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

படத்தின் பெயரை நீங்கள் எழுதாததும் நல்லதுதான். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மாதிரி பதில் சொல்லலாம்.

முதலில் அந்த 2.5. நான்கு கதைகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கும் சுமாராக இருந்தால் சராசரி 2.5. இரண்டு கதைகள் 4 வாங்கி, இரண்டு கதைகள் 1 வாங்கினாலும் அதே 2.5. நான்கும் சுமாரான படத்தைத் தவறவிட்டால் நஷ்டமில்லை. பாதி நன்றாக, பாதி மோசமாக இருக்கும் படத்திலோ நீங்கள் பார்த்தே ஆக வேண்டிய ஒரு மணி நேரம் இருக்கிறது. ஆந்தாலஜிக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் போடுவதே அபத்தம். கதைவாரியாக எழுதிய விமர்சனத்தை மட்டும் படியுங்கள். மேடுபள்ளமான படம் என்று தெரிந்தால் ஓடிடிக்குக் காத்திருக்கலாம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் சில வாரங்களில் அங்கே வந்துவிடும். அங்கே பிடிக்காத கதையைத் தாண்டிப் போகலாம், தியேட்டரில் முடியாது.

அடுத்து, உங்கள் நல்ல கேள்வி: எதற்கு இரண்டாவது? வழக்கமான இரண்டாம் பாகத்தில் பாத்திரங்கள் தொடரும். ஆந்தாலஜியில் தொடர்வது வடிவம் மட்டும்தான். 2020 அக்டோபரில் வந்த ‘புத்தம் புது காலை’யில் ஐந்து கதைகள், ஐந்து இயக்குநர்கள். 2022 ஜனவரியில் ‘புத்தம் புது காலை விடியாதா’ வந்தது. அதிலும் ஐந்து கதைகள்தான், ஆனால் ஐந்து இயக்குநர்களும் வேறு ஆட்கள். தொடர்ந்தவை தலைப்பும் எண்ணிக்கையும் பெருந்தொற்றுக் காலம் என்ற களமும் மட்டுமே. அந்தக் களமும் இதற்கிடையில் மாறிவிட்டிருந்தது. முதல் படம் வந்தபோது ஊரடங்கு புதிய அனுபவம். இரண்டாவது வரும்போது இரண்டாம் அலையையும் பார்த்துச் சலித்த கூட்டம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆகவே இயக்குநர்கள் மாறியிருந்தால் ‘முதல் பாகம் நன்றாக இருந்தது’ என்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தும் இயக்கமும் அதே ஆள் என்றால் பயம் வேறு: முதல் படத்துக்கு எழுதி ஒதுக்கி வைத்த கதைகள் இரண்டாவதில் தலைகாட்டலாம்.

இனி கணக்கு. படத்தின் நீளத்தை டிக்கெட் செயலியிலேயே பார்க்கலாம். 135 நிமிடம், நான்கு கதை, அவற்றைக் கோக்கும் சட்டகக் கதைக்கு 15 நிமிடம் என்றால் ஒரு கதைக்கு 30 நிமிடம். இது நல்ல அளவு. ஆறு கதை என்றால் 20 நிமிடம். எழுதத் தெரிந்தவர் கையில் மட்டுமே நிற்கும். எனக்கு அதிகம் உறுத்துவது மூன்று கதைப் படம்தான். 40 நிமிடம் என்பது சிறுகதைக்கு நீளம், முழுப்படத்துக்குக் குட்டை. மிஞ்சும் இடத்தைப் பாட்டும் ஸ்லோ மோஷனும் அடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு இடைவேளை வேறு. நான்கு கதை என்றால் இரண்டாவது முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடலாம். மூன்று என்றால் நடுக்கதையின் வயிற்றில் கத்தி விழும். பாப்கார்ன் வாங்கப் போகிறவர்கள் திரும்பி வர வேண்டுமே என்று அந்த இடத்தில் ஒரு செயற்கையான அதிர்ச்சியைச் செருகுவார்கள். அதன் பிறகு அந்தக் கதை எழுந்திருப்பது கடினம்.

வரிசையும் தற்செயல் அல்ல. வலுவான கதை கடைசிக்குப் போகும், அடுத்த வலுவானது முதலில் நிற்கும். தேறாததை நடுவில் ஒளிப்பார்கள், பெரும்பாலும் இடைவேளைக்குப் பின். ‘முதல் கதைதான் சிறந்தது’ என்று எல்லா விமர்சனமும் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். கையிலிருந்த நல்ல சரக்கு அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

இரண்டாம் பாகங்கள் உண்மையில் சறுக்குவது ட்விஸ்டில். நம் ஆந்தாலஜி கதைகளில் பல, ஏதோ ஒன்றைத் தலைகீழாக்கிப் பார்ப்பவை. ‘ஹாட் ஸ்பாட்’ (2024) படத்தில் மணமகள் மணமகனுக்குத் தாலி கட்டுகிற கதை ஒன்று உண்டு. ஒரே வரியில் சொன்னாலே சிரிப்பு வரும். ஆனால் ஒன்லைன் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மீதி இருபத்தைந்து நிமிடத்தை எதைக்கொண்டு நிரப்புகிறார்கள் என்பதில்தான் எழுத்து இருக்கிறது. முதல் பாகத்தில் இந்த உத்தி திடீரென்று வந்து விழும். இரண்டாம் பாகத்துக்கோ பார்வையாளர் ‘இப்போது என்னவோ புரட்டப் போகிறார்கள்’ என்று தயாராகவே வருவார். அவரை ஏமாற்ற இன்னும் பெரிய அதிர்ச்சி தேவைப்படும். அதற்கு நியாயம் கற்பிக்க இன்னும் நீளமான வசனம் தேவைப்படும். கடைசி ஐந்து நிமிடம் யாராவது ஒருவர் மேடையில் நிற்பதுபோல் பேசினால், பாத்திரம் மாறுவதைக் காட்சியில் காட்ட நேரமில்லை, வாயால் சொல்லி முடிக்கிறார்கள் என்று அறிக.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். கேட்டால் பலர் அடிக்க வருவார்கள்! ஏதாவது ஒரு கதையின் முடிவை முழுதாக உடைத்து எழுதிய விமர்சனத்தைத் தேடிப் படியுங்கள். முடிவு தெரிந்த பிறகும் அந்தக் கதையைப் பார்க்க ஆசை மிஞ்சினால் படத்துக்குப் போகலாம். மிஞ்சவில்லை என்றால், அந்தக் கதையில் முடிவைத் தவிர வேறொன்றும் இல்லை.

ட்ரெய்லரில் பெரிய முகம் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் பின்னணியைக் கவனியுங்கள். எப்போதும் அதே அறை, அதே சட்டை என்றால் அவர் அநேகமாகச் சட்டகக் கதையில் மட்டும் இருப்பார், சில நாள் கால்ஷீட்டோடு. அவருக்காகப் போகாதீர்கள்.

முதல் பாகம் கட்டாயமில்லை. அதன் முதல் அரை மணி நேரத்தை மட்டும் பாருங்கள். சட்டகமும் முதல் கதையும் அதற்குள் வந்துவிடும். அந்த ருசி உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

மகள் விஷயம். தணிக்கைச் சான்றிதழ் முழுப் படத்துக்கும் ஒன்றுதான். ஒரே ஒரு கதைக்காக மொத்தப் படமும் ‘ஏ’ ஆகலாம், மற்ற மூன்றும் சாதுவாக இருந்தாலும். ‘ஏ’ என்றால் 18 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை. 2024 இறுதியிலிருந்து ‘யு/ஏ’ என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 16+ என்றால் அவளைத் தியேட்டரில் தடுக்க மாட்டார்கள், முடிவு பெற்றோருடையது. எந்தக் கதையால் அந்த 16 வந்தது என்று கதைவாரி விமர்சனத்தில் பாருங்கள். அது கடைசிக் கதை என்றால் பாதியில் எழுந்து வருவதும் சிரமம், அதுதான் படத்தின் சிறந்த கதையாகவும் இருக்கக்கூடும். அப்படியென்றால் முதலில் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

போனால், பெயர்கள் ஓடி முடியும்வரை உட்காருங்கள். சட்டகக் கதையின் கடைசி முடிச்சையும், மூன்றாம் பாகத்துக்கான தூண்டிலையும் அங்கேதான் வைப்பார்கள்.