சாம்பலும் வெண்பீங்கானும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் அரிதா ஊரில் அப்பெயரைத் தாங்கும் பதினான்காம் தலைமுறைக் கலைஞர் இமாய்சுமி இமாயெமோன் செய்யும் பீங்கான் தூபக்கால்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அழகுதான். ஆனால் தணல் வைத்தால் பீங்கான் விரிசல் விடாதா? புகை படிந்து கறுத்துப்போகும் ஒரு பாத்திரத்துக்கு இத்தனை நுட்பமான வேலை எதற்கு? கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதற்கென்றே இவற்றைச் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது.

செ., திருச்சி

அன்புள்ள செ.,

உங்கள் ஐயம் நம் வீட்டு வழக்கத்திலிருந்து எழுவது. நாம் கனலும் தணலின் மேலேயே சாம்பிராணியைத் தூவுகிறோம்; வீடெங்கும் புகை சூழ வேண்டும் என்பதே நம் விருப்பம். இந்தத் தூபக்கால்களைப் பயன்படுத்தும் முறை வேறு. கலத்தில் பெரும்பகுதிக்கு மாவு போன்ற சாம்பலை நிரப்பி, நன்கு கனிந்த கரித்துண்டு ஒன்றை அதற்குள் புதைத்து, அகிலின் சிறு சீவலைக் கரியின்மேல் படாமல் சற்றுத் தள்ளிச் சூடான சாம்பலின்மேல் வைக்கிறார்கள். மரம் எரிவதில்லை, மெல்லச் சூடேறித் தன் பிசினின் மணத்தை மட்டும் விடுகிறது. ஆகவே கறுத்துப்போகும் அளவுக்குப் புகை எழுவதில்லை.

விரிசலுக்கும் இதுவே விடை. பீங்கான் சூட்டுக்கு அஞ்சுவதில்லை. அது பிறப்பதே 1300 பாகை செல்சியஸ் அளவிலான உலையில்தான். ஓரிடம் திடீரெனச் சூடேறி மற்ற இடம் குளிர்ந்திருக்கும்போதுதான் அது வெடிக்கிறது. சாம்பல் சூட்டை எளிதில் கடத்தாது என்பதால் தணலின் வெம்மை நடுவிலேயே தங்கி, சுவருக்கு இளஞ்சூடாகவே வந்து சேர்கிறது. கரி மூச்சுவிட மூடியில் துளைகள். அடியின் சூடு கீழே இருக்கும் பலகையைத் தாக்காதிருக்கக் கால்கள். அலங்காரமாகத் தெரிபவை பலவும் தேவையிலிருந்து வந்தவை.

இனி வேலைப்பாடு. இமாய்சுமி குடும்பத்தார், அரிதா பகுதியை ஆண்ட நபேஷிமா பிரபுக்களின் கலங்களுக்கு வண்ணம் தீட்டியவர்கள். 1871இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டபின், கலத்தை வனைவது முதல் வண்ணம் வரை எல்லாவற்றையும் தாமே செய்யத் தொடங்கினார்கள். நபேஷிமா காலத்திலிருந்து அவர்கள் காத்துவரும் உத்தி ‘சுமிஹாஜிகி’. கலத்தின்மேல் பசை கலந்த கரிமையால் கோலத்தை வரைந்து, அதன்மேல் நீல வண்ணத்தைப் பூசினால், மை இருக்கும் இடத்தில் வண்ணம் ஒட்டாது. உலையிலிடும்போது மை எரிந்து மறைய, வரைந்த கோலம் வெள்ளைக் கோடுகளாக எஞ்சுகிறது. அதன் பிறகே மெருகுப் பூச்சும் உச்சச் சூட்டின் உலையும். பலவண்ணம் தீட்டினால் குறைந்த சூட்டில் மேலும் ஒருமுறை உலை. ஒவ்வோர் உலையிலும் கலம் கோணலாகிவிடும் அபாயம் உண்டு. மூடி தனிப் பொருளாதலால், உலையில் சுருங்கும் கலமும் மூடியும் இறுதியில் கச்சிதமாகப் பொருந்த வேண்டும்.

2014இல், 51 வயதில், ஜப்பான் அரசு தலைசிறந்த கலைஞர்களுக்கு வழங்கும் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற தகுதியைப் பெற்ற பதினான்காமவர் இதை இன்னும் ஒரு படி கொண்டுசென்றார். நீலத்துக்குப் பதிலாக வெண்களிமண் குழம்பையே பூசி, வெள்ளையின்மேல் வெள்ளையாகப் பனிப்பூக்களை வரைகிறார். நேர்வெளிச்சத்தில் வெறும் வெண்சுவராகவே தெரியும். பார்வையைச் சற்றுச் சாய்த்தால்தான் ஆறு இதழ்ப் படிகங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். இந்த அடக்கம் தூபக்காலுக்கு மிகவும் பொருந்துகிறது என்பது என் எண்ணம். உற்றுக் கவனித்தால்தான் பிடிபடும் மெல்லிய மணத்துக்கான கலத்தில், கோலமும் அதே கவனத்தைக் கேட்பது நியாயம்தானே?

விலையும் புகழும் கூடும்போது இவற்றுள் பல பேழைக்குள் போய்விடுகின்றன என்பது உண்மை. அது வாங்குபவரின் முடிவு. செய்தவரின் நோக்கத்தை அதைக்கொண்டு அளக்கக் கூடாது. உங்களுக்கு எளியதொரு பீங்கான் தூபக்கால் கிடைத்தாலும் தயங்காமல் பயன்படுத்துங்கள். சாம்பல் ஈரமின்றி இருக்கட்டும், கரி சுவரைத் தொடாதிருக்கட்டும், முழுதும் ஆறும்வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.