கொழும்பிலிருந்து பதுளைக்கு 290 கிலோமீட்டர்தானே, ரயிலில் ஏன் பத்து மணி நேரம் ஆகிறது?

ஒரே வரியில் சொல்வதென்றால், அந்தப் பாதையை ஆட்களுக்காகப் போடவில்லை, கோப்பி மூட்டைக்காகப் போட்டார்கள்.

நான் ஹட்டன் பக்கத்து ஆள். சுற்றிப் பார்க்க வருகிற நண்பர்கள் "எஞ்சின் பழசா?" என்று கேட்பதுண்டு. பழசும் இருக்கிறது, ஆனால் புது எஞ்சினைப் பூட்டினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. வளைவும் ஏற்றமும் அப்படி.

கண்டிப் பக்கத் தோட்டங்களில் விளைந்த கோப்பியை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவது தோட்டத் துரைமாருக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. ரயில் வேண்டும் என்று நச்சரித்தவர்கள் அவர்கள்தான். 1864 டிசம்பர் 27-ல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீட்டருக்கு முதல் ரயில் ஓடியது. 1867-ல் கண்டி, 1874-ல் நாவலப்பிட்டி, 1885-ல் நானுஓயா என்று தோட்டங்கள் ஏறிய பக்கமெல்லாம் தண்டவாளமும் ஏறியது. இதற்கிடையில் 1869-ல் தொடங்கிய இலை நோய் கோப்பியையே அழித்துவிட்டது. நானுஓயாவுக்கு ரயில் வந்தபோது ஏற்றுவதற்கு இருந்தது தேயிலை! பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது.

இனி மலைக்கு வருவோம். ஊட்டிக்கு ஒரு மீட்டர் அகலப் பாதை போட்டு, செங்குத்தான இடத்தில் வண்டி வழுக்காமல் பிடித்து ஏறப் பல்சக்கரம் வைத்தார்கள். டார்ஜிலிங்குக்கு இரண்டடிப் பாதை. இங்கேயோ சமவெளியில் போட்ட அதே ஐந்தரை அடி அகலப் பாதையை, பல்சக்கரமும் இல்லாமல், மலையுச்சி வரை கொண்டுபோனார்கள். துணிச்சல்தான். ஆனால் அகல ரயில் நேராக ஏறாது, சுற்றிச் சுற்றித்தான் ஏறும். ஏற்றம் சில இடங்களில் 44 அடிக்கு ஓர் அடி, வளைவின் ஆரம் 100 மீட்டர் வரை குறுகும். நாட்டிலேயே உயரமான ஸ்டேஷனான பட்டிப்பொல கிட்டத்தட்ட 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டியதும் இறக்கம், அங்கேயும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். தெமோதரையில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ரயில், மலையை ஒரு வட்டம் அடித்து அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். இப்படிப் போகிற வண்டியிடம் வேகத்தைக் கேட்டால் எப்படி?

அப்புறம், ரம்புக்கனைக்கு மேலே பெரும்பாலும் ஒற்றைப் பாதைதான். எதிரே வரும் வண்டிக்காக ஸ்டேஷனில் காத்து நிற்க வேண்டியிருக்கும். பொடி மெனிக்கே போன்ற வண்டிகள் கண்டிக்குள் போய், எஞ்சினை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, வந்த வழியே கொஞ்ச தூரம் திரும்பிப் பதுளைப் பாதையைப் பிடிக்கும், அதற்கும் நேரம் போகும். கண்டிக்குள் போகாத உடரட்ட மெனிக்கேயில் அந்தச் சுற்று மிச்சம்.

இதை வைத்து இலங்கை ரயில் முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1905-ல் காங்கேசன்துறை வரை முடிந்த வடக்குப் பாதை பெரும்பாலும் சமதரை. 1956-ல் தொடங்கிய யாழ்தேவி ரயில் 1990-ல் போரினால் நின்றது. இந்தியக் கடனில் இர்கான் என்ற இந்திய நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்ட பிறகு, 2014 அக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் போனது. அந்தப் புதுத் தண்டவாளத்தில் வண்டி ஓடும் வேகத்தைப் பார்த்தால் மலையகத்துக்காரனான எனக்கே பொறாமையாக இருக்கும்.

உங்களுக்கு அவசரம் என்றால் பதுளைக்கு பஸ் பிடியுங்கள், அது முந்திவிடும். நுவரெலியாதான் போக வேண்டும் என்றால் நானுஓயாவில் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஒரு சின்னப் பாதை இருந்தது, அதை 1940-களிலேயே மூடிவிட்டார்கள். மீதித் தூரத்துக்கு பஸ்ஸோ ஆட்டோவோதான்.