பழைய கணினிக்குப் புதிய பவர் சப்ளை: வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். 2009இல் வாங்கிய, இன்டெல் கோர் 2 டுவோ செயலி கொண்ட கணினியைப் பிள்ளைகளின் பாடங்களுக்கும் தோட்டத்துக் கோயில் கணக்குகளுக்கும் பயன்படுத்தி வருகிறோம். கடந்த வாரம் பெய்த இடிமழைக்குப் பிறகு அது இயங்கவில்லை. பவர் சப்ளை (கணினியின் உறுப்புகளுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) போய்விட்டது என்று கூறும் கடைக்காரர், மலிவான 500 வாட் பெட்டி ஒன்றைக் காட்டுகிறார். அதை வாங்கலாமா?

பதில்: பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 500 என்ற எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்டி 12, 5, 3.3 வோல்ட் என்று தனித்தனி வரிகளில், அதாவது தடங்களில், மின்சாரம் தருகிறது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிக்கு எத்தனை ஆம்பியர் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தால், செயலிக்கும் வன்வட்டின் மோட்டாருக்கும் கிடைக்கக்கூடியது 168 வாட் (12 × 14) மட்டுமே. மீதி எண்ணிக்கை, இக்காலக் கணினிகள் அதிகம் பயன்படுத்தாத 3.3, 5 வோல்ட் வரிகளையும் சேர்த்துக் காட்டிய கணக்காகவோ வெறும் விளம்பரமாகவோ இருக்கலாம். நேர்மையாகத் தயாரிக்கப்பட்ட 400 வாட் பெட்டியில் இந்த வரி மட்டுமே 300 வாட்டுக்கு மேல் தாங்கும். கோர் 2 டுவோ மேசைக்கணினிச் செயலிகளில் பெரும்பாலானவை 65 வாட் வகையைச் சேர்ந்தவை. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத அத்தகைய கணினி, முழு வேலையிலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆகவே 80 பிளஸ் சான்று (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத பெட்டிகளுக்குத் தரப்படுவது) பெற்ற தரமான 350 அல்லது 400 வாட் பெட்டி உங்களுக்குத் தாராளமாகப் போதும் என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்தது பொருத்தம். ஏடிஎக்ஸ் என்ற பொது அளவிலான சாதாரணப் பெட்டி 150 மில்லிமீட்டர் அகலமும் 86 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ஒல்லியான கணினிகளுக்குள் அது நுழையாது என்பதால், பழையதைக் கழற்றி அளந்துகொள்ளுங்கள். தாய்ப்பலகைக்கு 24 முனை இணைப்பானும் செயலிக்கு 4 முனை இணைப்பானும் வேண்டும். பழைய ஐடிஇ வகை (அகலமான தட்டைக் கம்பியால் இணையும்) வன்வட்டோ டிவிடி கருவியோ இருந்தால், பெரிய நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பான் புதியதில் உண்டா என்று கேளுங்கள். டெல் போன்ற நிறுவனங்களின் கணினியாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை: 1990களின் பிற்பகுதியில் வந்த டெல் கணினிகள் சிலவற்றில் இணைப்பானின் உருவம் ஒன்றாகவே இருந்தும் கம்பிகளின் வரிசை மாறியிருந்ததால், சாதாரணப் பெட்டியை இணைத்தவர்களின் தாய்ப்பலகை கருகிப்போனது. பிற்கால டெல் கணினிகள் சிலவற்றில் இணைப்பானே வேறு வகை.

பெட்டியின் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு விசை இருந்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன் அது 230இல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 115இல் வைத்து நம் நாட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் புதிய பெட்டி அந்த நொடியே வெடித்துவிடும். பழையதைத் திறந்து பழுது பார்க்க முயல வேண்டாம், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

பணம் கொடுப்பதற்கு முன், கடையிலுள்ள நல்ல பெட்டி ஒன்றை உங்கள் கணினியில் இணைத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். இடி மின்னல் தொலைபேசிக் கம்பி, மோடம் வழியாகவும் தாய்ப்பலகையைத் தாக்கியிருக்கலாம். அப்படியானால் புதிய பவர் சப்ளை எதையும் மீட்டுத் தராது. பலகையிலுள்ள உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தாலும் இக்கணினிக்கு மேலும் செலவழிக்காமல், வன்வட்டை மட்டும் கழற்றிக் கோயில் கணக்குகளை வேறொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.