ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுமா?

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். சமீபத்தில் என்னை ஆள்சேர்ப்புப் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள். ஆனால் மீட்டிங்கில் மற்ற துறைத் தலைவர்கள் எங்களை ஃபைல் தூக்குகிறவர்களாகத்தான் பார்க்கிறார்கள். இதை மாற்ற ஒரு ஹெச்.ஆர். தலைவர் என்ன செய்ய வேண்டும்? தலைமைப் பண்புப் பயிற்சி எதிலாவது சேரலாமா? ரெஸ்யூமே வடிகட்ட ஏஐ மென்பொருள் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா? ஆளைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குக் குழப்பமில்லை. எதிரில் உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசினால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். மற்றவைதான் பிரச்சினை.

ம.

அன்புள்ள ம.,

வாழ்த்துகள். பன்னிரண்டு வருடம் பிறருக்கு நியமன உத்தரவு அடித்துக் கொடுத்தவருக்கு ஒரு பதவி உயர்வு வந்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

பயிற்சி வகுப்புக்குக் கம்பெனி பணம் கட்டினால் போய்விட்டு வாருங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. மீட்டிங்கில் மதிப்பது, மதிக்காதது எல்லாம் தானாகச் சரியாகும் அல்லது ஆகாது. எனக்கு அதில் அக்கறை இல்லை. என்னை உட்கார்ந்து எழுத வைத்தது, பிரச்சினையே இல்லை என்று நீங்கள் சொன்ன அந்த ஐந்து நிமிடம்தான்.

தெரிந்த பெண் ஒருத்தி வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். போன வாரமும் “தகவல் சொல்கிறோம்” என்ற பதிலோடு திரும்பி வந்தாள். “நான் என்ன தப்பாச் சொன்னேன்?” என்று என்னிடம் கேட்டாள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்றேன். பொழுதுபோக்கு என்ன, ஐந்து வருடத்தில் எங்கே இருப்பாய், இவ்வளவுதான். அவளுடைய வேலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. உங்களைப் போல யாரோ ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டிருக்கிறது.

கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் கணிப்பு சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எடுத்தவர்களில் நன்றாக வந்தவர்களைப் பார்க்கிறீர்கள். வேண்டாம் என்று அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள்? நீங்கள் அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்காத பாதியைக் கணக்கில் சேர்க்காமல் பாஸ் மார்க் போட்டுக்கொள்கிறீர்கள்.

அந்தப் பாதியைப் பார்க்க ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி சேர்க்கையை முடித்துவிட்ட பிறகு, இன்னும் 50 பேரை எடுக்கும்படி மாநிலச் சட்டமன்றம் சொல்லிவிட்டது. நல்ல தரவரிசையில் இருந்தவர்கள் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். நேர்முகம் முடிந்து பட்டியலின் அடியில் கிடந்தவர்களைத்தான் கூப்பிட முடிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு வேறெந்த மருத்துவக் கல்லூரியும் இடம் தந்திருக்கவில்லை. படித்து முடித்து, பயிற்சி மருத்துவர்களாக வேலை பார்த்தது வரை இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டார்கள். சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. 1987இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது கட்டுரையாக வந்தது. இத்தனைக்கும் அங்கே நேர்முகம் செய்தவர்கள் அனுபவசாலிகள். அவர்களும் உங்களைப் போலத்தான் நம்பியிருப்பார்கள்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பேர், ஆளுக்கொரு மதிப்பெண் தாள். ஒரு பையன் வந்தான். குரல் நடுங்கியது, ஆனால் கணக்கை ஒழுங்காகப் போட்டுக் காட்டினான். பக்கத்தில் இருந்தவர் பென்சிலால் 7 என்று எழுதியதைப் பார்த்தேன். பையன் வெளியே போய்க் கதவு சாத்தியதும் எங்கள் மேலதிகாரி, “இவன் சரிப்பட மாட்டான், கண்ணைப் பார்த்துப் பேசல” என்றார். பக்கத்து மனிதர் ஒன்றும் பேசவில்லை. ரப்பரை எடுத்து 7ஐ அழித்து, தாளை ஊதிவிட்டு, 4 என்று எழுதினார். மூன்று பேர் ஒருமனதாக நிராகரித்ததாகப் பதிவானது. உண்மையில் அங்கே தீர்ப்புச் சொன்னது ஒரே ஒருவர். நான் பேனாவால் எழுதியிருந்ததால் என் மதிப்பெண் தப்பியது, பையன் தப்பவில்லை.

பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய டேனியல் கானமன், 1950களில் இஸ்ரேல் ராணுவத்தில் சின்னப் பையனாக இருந்தபோது இதற்கு ஒரு வழி செய்தார். ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைப் பற்றி மட்டும் கேள்வி: என்ன வேலை செய்தாய், எவ்வளவு ஒழுங்காகப் போனாய் என்கிற மாதிரி. ஒன்றுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நேர்முகம் செய்தவர்களுக்குக் கோபம், எங்களை இயந்திரமாக்குகிறாய் என்று. அவர்களைச் சமாதானப்படுத்த, எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடி உங்கள் மனசுக்குப் படுவதையும் ஒரு மதிப்பெண்ணாகப் போடுங்கள் என்றார். வேடிக்கை என்னவென்றால், கடைசியாகப் போட்ட அந்த மதிப்பெண்ணும் நன்றாகவே பலித்தது. உங்கள் உள்ளுணர்வை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை ம., வரிசையில் கடைசியில் நிறுத்தச் சொல்கிறேன். நீங்களோ வாசலிலேயே நாற்காலி போட்டு அதை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

மென்பொருள் விஷயமும் இதேதான். அமேசான் நிறுவனம் பத்து வருட ரெஸ்யூமேக்களைக் கொடுத்து ஒரு மென்பொருளைப் பழக்கியது. அதுவரை வந்தவை பெரும்பாலும் ஆண்களுடையவை. ரெஸ்யூமேயில் பெண்கள் சங்கம், பெண்கள் கல்லூரி என்று எழுதியிருந்தால் அது மதிப்பைக் குறைத்தது. அதைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளியானது. வாங்குவதென்றால் வாங்குங்கள், ஆனால் அது படிக்கப்போவது உங்கள் பழைய ஃபைல்களை, அதாவது உங்கள் ஐந்து நிமிடங்களை.

அப்புறம் அந்த “கல்ச்சர் ஃபிட்”, அதாவது ஆள் நம் கம்பெனியோடு ஒத்துப்போவாரா என்கிற சமாச்சாரத்தைத் தயவுசெய்து மதிப்பெண் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் அந்தக் கட்டத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் எல்லாம் குழுவில் இருந்தவர்களைப் போலப் பேசாதவர்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. எல்லாருக்கும் ஒரே கேள்விகள், அந்த வேலையிலிருந்தே எடுத்தவை. முடிந்தால் வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆள் வெளியே போனதும் யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பேனாவால் எழுதியதாக. வேண்டாம் என்றால் அதை அந்த வாரமே எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறவர்கள் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் எம்.டி. ஒருநாள் பேனலில் வந்து உட்கார்ந்து, “எனக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருக்கு” என்று ஆரம்பிப்பார். முதலில் உங்கள் தாளைக் கொடுங்கள் சார் என்று கேளுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அன்று என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.