ராண்டால் பார்க் மால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னுடன் வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர் கிளீவ்லண்ட் புறநகரில் வளர்ந்தவர். மூடப்பட்ட ராண்டால் பார்க் மாலைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் குரல் தழுதழுத்துவிடுகிறது. பொருள் விற்க எழுப்பிய கட்டடத்தின்மேல் ஏன் இத்தனை பாசம்? ஆன்லைன் வியாபாரம்தான் அதைக் கொன்றதா? அங்கே எடுத்த ஏழெட்டுப் படங்கள் அவரிடம் உள்ளன. எந்த வருடத்தவை என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் பாசத்தில் வியப்பதற்கு ஏதுமில்லை. அந்தப் புறநகர்களில் பல தெருக்களுக்கு நடைபாதையே கிடையாது. கார் ஓட்டும் வயது வராத பிள்ளைகள் பெற்றோர் துணையில்லாமல் சுற்ற இருந்த இடம் மால் ஒன்றுதான். கிளீவ்லண்ட் இருக்கும் ஒஹையோ மாநிலத்தில் ஜனவரி என்றால் வெளியே உறைபனி. உள்ளே மேற்கூரைக் கண்ணாடி வழியாக வெயில், தொட்டிச்செடிகள், நடந்துகொண்டே இருக்கும் கூட்டம். 1956இல் மினசோட்டாவின் ஈடைனாவில் திறந்த சவுத்டேல்தான் இப்படி முழுக்க மூடி, குளிரூட்டி, வெப்பமூட்டிக் கட்டிய முதல் புறநகர் மால். அதை வடிவமைத்த விக்டர் க்ரூயன் வியன்னாவில் பிறந்தவர். ஊர்ச் சதுக்கம் போல ஓர் இடம் அமைய வேண்டும் என்பதே அவர் ஆசை. பிற்காலத்தில் தன் பெயரால் முளைத்த மால்களை அவரே கைகழுவினார். ஆனாலும் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சதுக்கமாகவே இருந்தது.

ராண்டால் பார்க் 1976 ஆகஸ்டில் திறந்தது. பழைய குதிரைப் பந்தயத் திடலில் மால் கட்டும் தொழிலதிபர் எட்வர்ட் டிபார்ட்டோலோ கட்டியது. சுமார் 22 லட்சம் சதுர அடி, ஐந்து பெருங்கடைகள் (பலவகைப் பொருளும் விற்கும் பல்பொருள் அங்காடிகள்). மால் அமைந்த நார்த் ராண்டாலில் வசித்தவர்களோ ஆயிரத்துச் சொச்சம் பேர். அந்தச் சிற்றூர் தன் முத்திரையிலேயே ஷாப்பிங் பைகளைப் பொறித்துக்கொண்டது.

இனி இரண்டாவது கேள்வி. பெருங்கடைகளில் ஜேசி பென்னி 2001இலும் டில்லார்ட்ஸ் 2002இலும் அங்கிருந்து வெளியேறின. அப்போது அமெரிக்கச் சில்லறை விற்பனையில் ஆன்லைனின் பங்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான். பழியை அதன்மேல் போட முடியாது. ராண்டால் பார்க் அமைந்த குயஹோகா கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) 1970இல் 17.2 லட்சம் பேர் இருந்தார்கள், 2010இல் 12.8 லட்சம். ஆள் குறையக் குறைய மால்கள் கூடின. பக்கத்திலேயே பீச்வுட் பிளேஸ் 1978இல் திறந்தது. வாங்குவோர் குறைந்த ஊரில் கடைப்பரப்பை மட்டும் பெருக்கியதுதான் முதல் நோய் என்பேன்.

அந்த நோய் வேகமாகப் பரவக் காரணம் வாடகை ஒப்பந்தம். மால்களில் பெருங்கடை பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் இருக்கும், அல்லது பெயரளவுக்கு வாடகை கொடுக்கும். கூட்டத்தை இழுத்து வருவதே அதன் வேலை. உரிமையாளருக்கு வருமானம் நடுவில் இருக்கும் சிறுகடைகளிலிருந்துதான். சிறுகடைக்காரர்களும் விவரமானவர்கள். “பெருங்கடை திறந்திருக்கும்வரைதான் முழு வாடகை, மூடினால் விற்பனையில் ஒரு பங்கு மட்டும், சில மாதங்களில் மாற்றுக் கடை வராவிட்டால் நாங்களும் கிளம்பலாம்” என்ற நிபந்தனையைப் பலர் எழுதி வாங்கியிருப்பார்கள். ஒரு கதவு மூடினால் அதோடு இருபது கதவு மூடும்.

கூடவே பொதுப் பராமரிப்புச் செலவு இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு: 100 கடைகள், மாதச் செலவு 2 லட்சம் டாலர் என்றால் தலைக்கு 2,000. நாற்பது கடை போய்விட்டால் மிச்சமுள்ளவர் தலையில் 3,333. ஒப்பந்தம் அதற்கு இடம் தராவிட்டால் அந்த வித்தியாசம் உரிமையாளர் பையிலிருந்து போகும். அவர் உடனே செலவில் கைவைப்பார். முதலில் நிற்பது பெரும்பாலும் நீரூற்றுதான். பம்பு, குளோரின், தொட்டிக் கசிவு என்று அது தின்னும் காசு அதிகம், வருமானமோ சுழி. மண் கொட்டிச் செடி வைத்துவிடுவார்கள். அடுத்தது கூரைக் கண்ணாடி. விளிம்புகளில் நீர் புகாமல் அடைத்த சீலண்ட் பசை ஆண்டுக்கணக்கான வெயிலில் இறுகி வெடிக்கும், ஒழுகும். புதிதாக அடைக்கக் காசில்லாமல் மேலே தாரைப் பூசினால் வெளிச்சம் போய்விடும். ஒருவர் ஆசையாக நினைவில் வைத்திருக்கும் பொருள்கள்தான் முதலில் வெட்டுப்படுகின்றன.

தட்டைக் கூரை இன்னும் கொடியது. அடிக்குக் கால் அங்குலச் சரிவுதான் இருக்கும். வடிகால் வாயில் சருகு அடைத்தால் நீர் தேங்கும். ஒரு சதுர அடியில் ஓர் அங்குல நீர் என்றால் 5.2 பவுண்டு எடை. விரிசலில் இறங்கிய நீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகும். குளிர்காலம் முழுக்க இது நடந்தால் விரிசல் பிளவாகிவிடும். ஃபால்ஸ் சீலிங் அட்டை ஊறித் தொங்கும், விழும். வெப்பமூட்டியை நிறுத்திவிட்டால் கதை முடிந்தது. தீயணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்த ஸ்பிரிங்க்ளர் குழாய்க்குக் குறைந்தது 4 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குக் கீழே போய் உறைந்தால் குழாய் வெடிக்கும். பூட்டிய மால்களில் செம்புத் திருடர்கள் கூரைமேல் உள்ள குளிர்சாதனங்களைப் பிடுங்கினால் ஓட்டை இன்னும் பெரிதாகும். அதன்பின் பழுதுபார்ப்பதைவிட இடிப்பதே மலிவு. ராண்டால் பார்க்கின் உட்பகுதி 2009இல் மூடப்பட்டது. 2014 இறுதியில் இடிக்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே நிற்பது 2018இல் திறந்த அமேசான் கிடங்கு.

படங்களுக்கு வருவோம். பெருங்கடைகளின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஹிக்பீஸ் என்றிருந்தால் 1992க்கு முந்தையது. அதன்பின் அது டில்லார்ட்ஸ். மே கம்பெனி என்றிருந்தால் 1993க்கு முன், பிறகு காஃப்மன்ஸ். பலகையே இல்லாவிட்டாலும் சுவரைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகளைக் கழற்றிய இடத்தில் வெயில் படாத சுவர் பழைய நிறத்திலேயே இருக்கும், சுற்றிலும் அழுக்கு வழிந்திருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் சில போல்ட் துளைகள், விளக்குக் கம்பி வந்த துளை ஒன்று. அந்தத் தழும்பைக் கூட்டிப் படித்தால் போன கடையின் பெயர் வரும். தரையையும் கவனியுங்கள். பழுப்பு ஓடும் மரவேலையும் பொதுவாக எழுபதுகளின் ரசனை. வெள்ளை ஓடு, நியான், வெளிர்நிறங்கள் எண்பதுகளின் கடைசிக்குப் பிந்தியவை.

படத்தின் பின்பக்கத்தை மறக்காமல் பாருங்கள். சிலவற்றில் கழுவிய மாதமே அச்சாகியிருக்கும். ஸ்கேன் செய்யும்போது இரு பக்கமும், குறைந்தது 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள். அதற்குக் குறைந்தால் துளைகளை எண்ண முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு படங்கள் வேண்டுமென்றால், 1982இல் நின்றுபோன கிளீவ்லண்ட் பிரஸ் நாளிதழின் படத்தொகுப்பு கிளீவ்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மாலின் முதல் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அந்த நாளிதழின் காலத்துக்குள் அடங்கும். உங்கள் நண்பரைத் தேடலை அங்கே தொடங்கச் சொல்லுங்கள்.