ஒன்றரை அடி மேசைக்கு எந்த மானிட்டர்?

நண்பரே, கடலூர் முதுநகர் வீட்டில் சுவரை ஒட்டிப் போட்ட, முன்பின்னாக ஒன்றரை அடியே உள்ள மேசையில் 27 இஞ்ச் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், 24 போதும். கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் 27 தாங்காது.

இடத்தை அடைப்பது திரையல்ல, ஸ்டாண்டு. அதன் அடிப்பாகமே சுமார் 20 செ.மீ. பிடிக்கும். அதனால் பின்புறம் 100-க்கு 100 மி.மீ. இடைவெளியில் வீசா (VESA) துளைகள், அதாவது ஸ்டாண்டுக்குப் பதில் வேறு தாங்கியில் திருகி மாட்டும் துளைகள், உள்ள மாடலாகப் பாருங்கள். மலிவு மாடல்கள் சிலவற்றில் இருக்காது.

மேசை விளிம்பைக் கவ்வி மானிட்டரைத் தாங்கும் ஆர்ம் (மடக்குக் கை) உங்களுக்கு ஒத்துவராது. மடக்கினால் அதன் முழங்கை சுவரில் இடிக்கும், திரை முகத்துக்கு நேராக முன்னால் வந்து நிற்கும். சுவர் பிராக்கெட்டே சரி. திருகைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளக், பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். மானிட்டர் பக்கம் பெரும்பாலும் எம்4 (4 மி.மீ. தடிமன்) திருகு. நீளம் கூடினால் உள்ளே குத்தும். உப்புக்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் திருகே போடுங்கள்.