இரண்டு மணி நேரத் தண்ணீரில் இரண்டு ஏக்கர் கரும்பைக் காப்பது எப்படி?

கேள்வி: தை மாதம் நட்ட கோ 86032 ரகக் கரும்பு இரண்டு ஏக்கரில் மூன்றரை மாதப் பயிராக நிற்கிறது. கிணறு நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் இறைக்கிறது. மகசூல் எவ்வளவு குறையும்? வறட்சி தாங்க டானிக் தெளிக்கச் சொல்கிறார்கள், தெளிக்கலாமா?
(திருக்கோவிலூர்ப் பகுதி விவசாயி)

பதில்: இத்தனை டன் குறையும் என்று இன்றே கணக்குச் சொல்பவரை நம்பாதீர்கள். முதல் 100 நாளில் தண்ணீர் தட்டுப்பட்டால் தூர்கள் (அடியிலிருந்து கிளைக்கும் முளைகள்) காய்ந்து, வெட்டுக்கு வரும் கரும்புகளின் எண்ணிக்கை குறையும். அந்தக் கட்டத்தைத் தங்கள் பயிர் ஏறக்குறைய தாண்டிவிட்டது. இனி சுமார் 270 நாள் வரை தண்ணீர் தட்டுப்பட்டால் நீளமும் எடையும் குறையும். வறட்சியில் குட்டையாகிப்போன கணுவிடை (இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி) பிறகு மழை கொட்டினாலும் நீளாது. அதற்கு மேலே புதிதாக வருபவைதான் நீளும்.

முழுத் தழையோடு நிற்கும் கரும்பு கோடையில் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கு மேல் கேட்கும். தங்கள் மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் இறைத்தாலும் அது ஒரு ஏக்கருக்கே சரியாகும் என்பதால், எல்லாச் சாலையும் (வரிசைகளுக்கிடையே தண்ணீர் ஓடும் பள்ளம்) நனைக்க முயலாமல், ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சி, அடுத்த முறை விட்ட சாலுக்குக் கொடுங்கள். அறுவடையான பக்கத்து வயலின் சோகையை (காய்ந்த கரும்புத் தோகை) எரிக்கும் முன்பே கேட்டு வாங்கி, ஏக்கருக்கு 2 டன் அளவில் வரிசைகளுக்கிடையே பரப்புங்கள். ஐந்தாம் மாதம் தங்கள் பயிரின் காய்ந்த சோகையை உரித்து அங்கேயே போடலாம்.

டானிக் வேண்டாம். வேரில் இல்லாத தண்ணீரை எந்தப் பாட்டிலும் இலை வழியாகக் கொடுத்துவிடாது. பில் இல்லாமல் கடனுக்குக் கொடுக்கும் பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 10 லிட்டர் தண்ணீருக்கு யூரியா 250 கிராம், பொட்டாஷ் 250 கிராம் கலந்து, வறட்சி நீடிக்கும் வரை 15 நாளுக்கு ஒரு முறை தெளிப்பதே. பொட்டாஷை முன்னிரவே ஊறவைத்துத் துணியில் வடிகட்டாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் தெளிக்க வேண்டாம்.

இந்தச் சமயம் பார்த்துச் சொட்டுநீர்ப் பாசனத் தரகர்களும் வருவார்கள். ஐந்து ஏக்கருக்குள் உள்ள சிறு, குறு விவசாயிக்கு, அரசு நிர்ணயித்த செலவு வரம்புக்குள் 100 சதவீத மானியம் உண்டு. 'பேப்பர் செலவு' என்று எவருக்கும் பணம் தர வேண்டியதில்லை. கடைசி வரிசையின் கடைசிச் செடியடியில் தண்ணீர் சொட்டுவதைக் கண்ணால் பார்க்கும் முன் பணி முடிந்ததாகக் கையெழுத்திடாதீர்கள். கோடையில் மனுக் கொடுத்தவருக்குக் குழாய் அடைமழையில் வந்து இறங்கும் நிலையை அதிகாரிகள் இன்னும் எத்தனை ஆண்டு வேடிக்கை பார்ப்பார்கள்?

தண்ணீரைக் குறைப்பது நன்மையாகும் காலம் ஒன்று மட்டும் உண்டு. முதிர்ச்சிப் பருவத்தில் பாய்ச்சலைக் குறைத்தால் வளர்ச்சி அடங்கிச் சர்க்கரை ஏறும். ஆனால் பத்தாம் மாதம் வந்துவிட்டது என்று நாள்காட்டியைப் பார்த்து மடையை அடைத்துவிட்டு, ஆலை வெட்டு உத்தரவைத் (அறுவடைக்கு ஆலை தரும் அனுமதி) தள்ளித் தள்ளிப் போட்டதால் நின்ற இடத்திலேயே கரும்பு காய்ந்து எடை இழந்தவர்கள் ஏராளம். அந்த இழப்பை எந்த ஆலையும் ஈடுகட்டுவதில்லை. ஆகவே உத்தரவு கையில் வரும்வரை உயிர்த்தண்ணீரை (பயிர் காயாமல் காக்கும் அளவு பாய்ச்சல்) நிறுத்தாதீர்கள். பதிவு செய்த நடவுத் தேதி ஆலைக் கோட்ட அலுவலகப் பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே நேரில் சென்று பாருங்கள்.